பூ உதிர்கிறது, காய் பிடிக்கவில்லை: விதைக்கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு எங்களிடம் விதை வாங்கிப்போன பலருடைய கொடிகள் இப்போது பந்தலேறிப் பூக்கத் தொடங்கியிருக்கும். இந்தச் சமயத்தில் கடைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "பூ நெறைய வருது, எல்லாம் உதிர்ந்துடுது, ஒரு காய்கூடப் பிடிக்கல. விதை சரியில்லையா? டானிக் ஏதாவது குடுங்களேன்." கடையில் கூட்டம் நிற்கும்போது இதற்கு முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறோம். டானிக் எங்களிடம் இருக்கிறது. ஆனால் உங்கள் பூவைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் அதை விற்க எங்களுக்கு மனமில்லை.

முதலில் பூவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பரங்கி, சுரை, பீர்க்கு, புடல், பாகல், வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். ஒரே கொடியில் ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் வரும். இதழுக்குக் கீழே வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. குட்டிப் பரங்கியோ விரல்நுனி அளவு சுரையோ ஒட்டிக்கொண்டிருந்தால் பெண் பூ. அந்தப் பிஞ்சுதான் சூலகம், உள்ளே பின்னால் விதையாகப்போகும் சூல்கள் அடுக்கடுக்காக இருக்கும். பெரும்பாலான கொடிகளில் முதலில் வருவது ஆண் பூக்கள்தான். ஒரு வாரம், பத்து நாள் அவை மட்டுமே பூத்து உதிரும். மகரந்தம் தந்த பிறகு ஆண் பூவுக்கு வேறு வேலை இல்லை, அது உதிரத்தான் வேண்டும். நீங்கள் பயந்துபோய் அழைப்பது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான்.

பத்து நாள் கழிந்தும் பெண் பூவே தலைகாட்டவில்லை என்றால் உரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாகவே ஓடும், ஆண் பூவே பெருகும். கடும் வெயிலும் நீண்ட பகலும் இதையே செய்யும். பெண் பூ கூடுவதற்காக எத்ரல் என்ற பயிர் ஹார்மோன் மருந்தைத் தெளிக்கும் முறை வயல் விவசாயத்தில் உண்டு. மாடியில் நாலு கொடி வைத்திருப்பவருக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அளவு பிசகினால் கொடியே நின்றுபோகும்.

அடுத்தது, பெண் பூ வந்து பிஞ்சு மஞ்சளாகி உதிர்வது. இங்கேதான் பலரும் விதைமேல் பழிபோடுகிறார்கள். உண்மையில் பெண் பூவுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை. பெண் பூவின் நடுவிலுள்ள ஒட்டும் நுனியான சூல்முடியில் மகரந்தத் தூள் ஒட்டியதும் ஒவ்வொரு துகளிலிருந்தும் ஒரு நுண்குழல் முளைத்து, அதைத் தாங்கும் சூல்தண்டுக்குள் இறங்கிச் சூலைத் தேடிப் போகும். அந்தக் குழல் வழியாக இரண்டு ஆண் அணுக்கள் செல்கின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையாகிறது. பூக்கும் தாவரங்களின் இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கெய் நவாஷின் கண்டறிந்தார். நாம் சோறாக்கித் தின்னும் அரிசியில் பெரும்பகுதி அந்த இரண்டாவது சேர்க்கையில் பிறந்ததுதான். இளநீரும் அதுவே. கருவுற்ற சூல்களிலிருந்துதான் "வளர்" என்ற செய்தி ஹார்மோனாகப் பிஞ்சுக்குப் போகிறது. செய்தி வராத பிஞ்சைக் கொடி கழற்றி விட்டுவிடும். பாதிச் சூல்கள் மட்டும் கருவுற்றால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப்போகும். பசுமைக்குடிலில் வளர்க்கும் விதையில்லா வெள்ளரி ரகங்கள் இதற்கு விலக்கு, அவற்றுக்கு மகரந்தமே தேவையில்லை. அந்த விதை கேட்டு வருபவர்களிடம் இதைச் சொல்லியே கொடுக்கிறோம்.

மகரந்தத்தைத் தூக்கிப்போவது பூச்சி. மூன்றாவது மாடிக்குத் தேனீ வருமா என்பது உங்கள் தெருவில் என்ன மரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வராவிட்டால் நீங்களே தேனீயின் வேலையைச் செய்யலாம். பரங்கிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். எனவே காலை ஆறிலிருந்து எட்டுக்குள் புதிதாக விரிந்த ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூள் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். பரங்கியின் சூல்முடி மூன்று பிரிவாக இருக்கும், மூன்றிலும் படவேண்டும். இது கைவைத்தியம் போலத் தோன்றினாலும் உலகில் விற்கும் இயற்கை வனிலா ஏறத்தாழ முழுவதும் இப்படித்தான் காய்க்கிறது. ரீயூனியன் தீவில் 1841-இல், அடிமையாக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ், சிறு குச்சியும் கட்டைவிரலும் கொண்டு வனிலாப் பூவில் மகரந்தம் சேர்க்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். இன்றுவரை தோட்டங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

நேரம் கொடிக்குக் கொடி மாறும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். சுரையும் புடலும் பீர்க்கும் மாலை மங்கும்போது விரிபவை. சுரையின் வெள்ளைப் பூவைத் தேடி இருட்டில் அந்துப்பூச்சிகள் வரும். காலை ஒன்பது மணிக்குச் சுரைப்பூவோடு போராடிப் பயனில்லை, மாலை விளக்கேற்றும் நேரத்தில் மாடிக்குப் போங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதற்கும் இதே கணக்கு. "சாயங்காலம் தெளி" என்ற பொது அறிவுரை பரங்கிக்குச் சரி. பீர்க்குக்கு அதுதான் பூ விரியும் வேளை, அப்போது வேண்டாம்.

தடவிவிட்டும் பிஞ்சு அழுகுகிறதா? தோலில் ஊசி குத்தியதுபோல் புள்ளியும் பிசினும் தெரிந்தால் அது பழ ஈ. அதற்கு, ஆண் ஈக்களை வாசனையால் இழுக்கும் க்யூலூர் பொறி வாங்குங்கள். மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறி காய்கறிக் கொடியில் வரும் ஈக்குப் பயன்படாது.

தக்காளியும் கத்தரியும் வேறு ரகம். ஒரே பூவில் இரண்டு பாலும் உண்டு. மகரந்தம் நுனியில் சிறு துளையுள்ள குழாய்க்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் உதிரும். கருத்த பெரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அதைக் குலுக்கி எடுக்கும். சாதாரணத் தேனீயால் அது முடியாது. காற்றில்லாத மூலையில் செடி இருந்தால் காலையில் பூங்கொத்துக் காம்பை விரலால் சுண்டிவிட்டால் போதும். சித்திரை, வைகாசியின் இரவுப் புழுக்கத்தில் மகரந்தமே கெட்டுவிடுவதால் அப்போது உதிர்வதைத் தடுக்க எங்களிடமும் வழியில்லை.

மக்காச்சோளக் கதிரில் அங்கங்கே பல் விழுந்திருந்தால் அதுவும் இதே கதைதான். கதிரின் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்குரிய சூல்தண்டு. மகரந்தம் விழாத இழைக்குரிய மணி உருவாகாது. காற்று வழி மகரந்தம் போவதால் நீளமாக ஒரே வரிசையில் நடாமல் நாலு வரிசையாகக் கட்டம் கட்டி நடுங்கள். 1694-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கமெராரியஸ் என்ற மருத்துவர் மக்காச்சோளத்தின் இழைகளை வெட்டிவிட்டும் ஆமணக்கின் ஆண் பூக்களைக் கிள்ளிவிட்டும் பார்த்தார். நல்ல விதை கிடைக்கவில்லை. செடிக்கும் ஆண் பெண் உண்டு என்று அதைவைத்து அவர் எழுதியதும் ஒரு மடல்தான், நண்பருக்கு.

பப்பாளிக் கன்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோ 8 போன்ற ரகங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றைப் பார்த்து எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி எங்கள் கடையில் யாரும் விற்கமாட்டார்கள். குழிக்கு இரண்டு, மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு மிகுதியான ஆண் மரங்களை எடுத்துவிடுங்கள். பதினைந்து, இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். வீட்டில் ஒரே மரம்தான் என்றால் கோ 7 கேளுங்கள், அதில் பெண் மரமும் இருபால் மரமும் மட்டுமே வரும். கோவைக்கொடிக்கு விதை கேட்காதீர்கள். அதிலும் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி என்பதால், காய்த்த பெண் கொடியின் தண்டைத்தான் வெட்டித் தருகிறோம்.

விதை எடுத்து வைப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு நீளச் சுரையின் மகரந்தம் உங்கள் குண்டுச் சுரையில் விழுந்தால் இந்த வருடக் காய் மாறாது, காயின் சதை முழுதும் தாய்க்கொடியுடையது. மாற்றம் உள்ளிருக்கும் விதையில் இருக்கும், அடுத்த வருடம்தான் தெரியும். அப்படிக் கலந்த விதையிலிருந்து கசப்புச் சுரையும் வரலாம். கசக்கும் சுரையைச் சமைக்கவோ சாறெடுத்துக் குடிக்கவோ வேண்டாம், அது நஞ்சு. நாட்டு ரகத்தைத் தூய்மையாகக் காக்க, மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை நூலால் கட்டிவைத்து, விரியும் வேளையில் அவிழ்த்து, நீங்களே தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டிவிடுங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப்போல் வராது, அதை எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்த பட்டத்திலிருந்து கொடி வகை விதைப் பொட்டலங்களில் பூ விரியும் நேரத்தையும் அச்சிடுகிறோம். முளைக்காத விதைக்கு எப்போதும்போல மாற்று விதை உண்டு. பூ உதிர்கிறது என்றால், காம்பும் பிஞ்சும் தெரியும்படி பூவைப் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்புங்கள். அது எத்தனை மணிக்கு எடுத்த படம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடையினர்