புல்லுருவியை வெட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் அரிசோனா டூசான் வீட்டு மெஸ்கீட் மரத்துப் புல்லுருவியை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறாயாம், அம்மா சொன்னாள். ஜனவரியில் அங்கிருந்தபோது வெட்டச் சொன்னவன் நான்தான். மாந்தோப்பில் புல்லுருவியைக் கண்டாலே கிளையோடு வெட்டிப் பழகிய கை. அந்த மரமும் நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி, மரியாதை எங்கிருந்து வரும்?

இப்போது சொல்கிறேன், வெட்டாதே.

உச்சிக்கிளையில் தினமும் ஒரு கறுப்புக் குருவி உட்காருமே, கொண்டையும் சிவந்த கண்ணுமாக? நான் நம்மூர்க் கொண்டைக்குருவி என்றேன், நீ சிரித்தாய். ஊருக்கு வந்து படித்தேன். அதன் பெயர் ஃபெய்னோபெப்லா. பனிக்காலத்தில் அதற்குச் சோறு அந்தப் புல்லுருவியின் சிவப்புப் பழம்தான். கிடைத்தால் ஒரு நாளைக்கு 1,100 பழம்கூடத் தின்னுமாம்! தண்ணீரும் பெரும்பாலும் அதிலிருந்தே. பழத்தோலை வயிற்றுக்குள்ளேயே தனியாக உரித்துவிடுகிறது. விதை எச்சத்தோடு விழுந்து கிளையில் ஒட்டி முளைக்கிறது. தன் தோப்பைத் தானே நடுகிற விவசாயி. அதன் வயலைத்தான் நான் அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெயர்க்கதைதான் இன்னும் வேடிக்கை. 1838-இல் ஸ்வைன்சன் என்பவர் லத்தீனில் 'நிடென்ஸ்' என்று வைத்தார், மினுமினுப்பது என்று அர்த்தம். 1858-இல் ஸ்பென்சர் பேர்ட் என்பவர் ஃபெய்னோபெப்லா என்ற முன்பெயரைக் கிரேக்கத்திலிருந்து எடுத்தார்: மின்னும் 'பெப்லோஸ்', அதாவது மின்னும் ஆடை. ஆக, ஒரே குருவி இரண்டு மொழியில் இரண்டு தடவை மின்னுகிறது. வெயிலில் அதன் முதுகைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. எனக்குக் கரும்பட்டு ஞாபகம்தான் வந்தது. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும், கவனித்தாயா?

பெட்டை வெறும் சாம்பல் நிறம். அதைச் சொன்னதும் அம்மா, "பட்டு ஆம்பளைக்கு மட்டுமா?" என்றாள். ஆனால் அந்த 'பெப்லோஸ்' பழைய கிரேக்கத்தில் பெண்கள் உடுத்திய ஆடை என்றேன். அவளுக்குப் பரம திருப்தி.

இப்போது அவை கூடு கட்டும் நேரம். கூடு கட்டுவது பெரும்பாலும் ஆண்தான், இதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். வெயில் ஏறியதும் ஓக் மரங்கள் உள்ள பக்கம் போய்விடும். மரம் ரொம்ப நலிந்திருந்தால் அப்புறம் ஒரு கிளை மட்டும் கழி.

வெட்டும் ஆளுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், பின்பக்க வேலியை நிமிர்த்தச் சொல். அதுவும் சாய்ந்துதான் நின்றது.

அன்புடன்,
அப்பா