ஜினெப்ரோவின் அங்கி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். புனித பிரான்சிஸ் அசிசியார் இறந்து 2026-இல் 800 ஆண்டு நிறைகிறது அல்லவா, அதையொட்டிப் பங்குக் கோயில் மண்டபத்தில் திரை கட்டி ஒரு படம் போட்டார்கள். ரொஸெல்லினி என்ற இத்தாலிய இயக்குநர் 1950-இல் அசிசியாரைப் பற்றி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஆங்கிலத்தில் 'தி ஃப்ளவர்ஸ் ஆஃப் செயின்ட் பிரான்சிஸ்' என்று பெயர். போனில் சொன்னால் பாதிதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

புனிதர்கள் நமக்கு எட்டாத உயரத்தில் இருப்பவர்கள், அவர்கள் கதையைக் கேட்டு நான் என்ன செய்ய என்று நீ கேட்பாய். நானும் பதில் சொல்லத் தெரியாமல் விட்டுவிடுவேன். இந்தப் படத்தில் யாரும் உயரத்தில் இல்லை, மா. அசிசியாரும் அவரோடு இருக்கும் துறவிச் சகோதரர்களும் கொட்டும் மழையில் சேற்றில் நனைந்துகொண்டு வருகிறார்கள். தங்கள் குடிசைக்குள் ஒருவன் கழுதையோடு புகுந்துகொண்டு இவர்களை விரட்டுகிறான். சண்டையா போட்டார்கள்? நம்மால் ஒருத்தனுக்காவது உபயோகம் ஆயிற்றே என்று சந்தோஷப்படுகிறார்கள்!

அசிசியாராகவும் சகோதரர்களாகவும் வருபவர்கள் நடிகர்கள் இல்லை, நிஜப் பிரான்சிஸ்கன் துறவிகள். அதனால்தானோ என்னவோ, அந்தச் சிரிப்பில் நடிப்பே தெரியவில்லை.

அந்தச் சகோதரர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜினெப்ரோ. அங்கியைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு வந்து நிற்பார். இனி அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அசிசியார் சொல்லிவிடுவார். அப்புறம் இன்னொரு ஏழை வந்து கேட்கும்போது இவர், "நான் கொடுக்க முடியாது, நீயே கழற்றிக்கொண்டால் தடுக்க மாட்டேன்" என்பார். கீழ்ப்படிதலும் போகவில்லை, இரக்கமும் போகவில்லை. மண்டபமே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொழுநோயாளி வரும் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவு. அசிசியார் தனியாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார். மணிச் சத்தம் கேட்கிறது. அந்தக் காலத்தில் தொழுநோயாளிகள் மற்றவர்கள் விலகிக்கொள்வதற்காக மணி கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இவர் விலகாமல் பின்னாலேயே போகிறார். அந்த மனிதர் நகர்ந்து நகர்ந்து போகிறார். கடைசியில் அசிசியார் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார். நோய் குணமாகவில்லை. ஒளி இறங்கவில்லை. அவர் தன் வழியே மணியோடு போய்விடுகிறார். அசிசியார் தரையில் விழுந்து அழுகிறார். அவ்வளவுதான். அற்புதம் ஒன்றைக் காட்டியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன். காட்டாததால், அந்த மனிதரைத் தொட நான் போயிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஒரு ஞாயிறு பூசை முடிந்து மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பாருங்கள். சின்னவளுக்கு மொழி புரியாவிட்டாலும் ஜினெப்ரோவைப் புரியும். கடைசிக் காட்சியை நான் இங்கே சொல்லவில்லை, நீயே பார். அசிசியார் செய்வதையெல்லாம் அப்படியே செய்யும் ஒரு கிழவர் வருவார், ஜொவான்னி என்று பெயர். அவரா, ஜினெப்ரோவா, உனக்கு யாரைப் பிடித்தது என்று எழுது. அம்மா கிழவர் பக்கம்.

அன்புடன்,
அப்பா