உன் நோயாளிகளின் பாட்டுகள்

அன்புள்ள கயல்,

சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் மூச்சுத் திணறலோடு வந்தாலும் ‘பரவாயில்லை டாக்டர்’ என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை என்று போனில் வருத்தப்பட்டாய். கிழக்கு கென்டக்கிக்காரர்களின் மனதைப் பிடிக்கவே முடியவில்லை என்றாய். அதற்கப்புறம்தான் அந்த மலைப்பக்கத்துப் பாட்டுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். புளூகிராஸ் என்று பெயர். நேரில் சொல்லத் தயங்குவதையெல்லாம் அந்த மக்கள் பாட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீ அவசியம் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்த நாட்டுப்புற இசை என்று நினைத்துவிடாதே. மேண்டலின் வாசித்துப் பாடிய பில் மன்றோவின் குழுவில் 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு வந்து சேர்ந்த பிறகுதான் இப்போது நாம் கேட்கிற வடிவம் அமைந்தது. ஸ்க்ரக்ஸ் வட கரோலினாவில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மன்றோவும் இளம் வயதில் ஊரைவிட்டுப் போய் இந்தியானாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் உழைத்தவர். பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அமெரிக்காவுக்குத் தந்த வாத்தியம். அதைச் சொல்லாமல் இந்த இசையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. இந்த இசையில் வரும் ஃபிடில் நம் வயலின்தான். மேண்டலினை நம் காதுக்கு ஸ்ரீனிவாஸ் பழக்கிவிட்டார்.

மன்றோ எட்டுப் பிள்ளைகளில் கடைசி. பத்து வயதில் அம்மா போய்விட்டார், பதினாறில் அப்பாவும். ரோசின் என்ற சின்ன ஊரில் தாய்மாமன் பென்டில்டன் வான்டிவர் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். மாமா நடன இரவுகளில் ஃபிடில் வாசிக்கப் போவார், மருமகன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான். அந்த மாமாவைப் பற்றியதுதான் 1950-இல் பதிவான ‘அங்கிள் பென்’. அவர் வாசித்தால் ஊர் எப்படிக் கூடும், எப்படி ஆடும் என்பதற்கு மேல் அதில் பெரிய செய்தி எதுவும் இல்லை. பெற்றவர்களை இழந்து நின்ற பிள்ளையை ஏற்றுக்கொண்டவருக்கு இதைவிட நல்ல நன்றியை நான் கேட்டதில்லை.

அழ வேண்டிய விஷயத்தையும் இவர்கள் பல சமயம் வேகமாகவே வாசிக்கிறார்கள். முதலில் எனக்கு இது ஒட்டவில்லை. வார்த்தை சாவையும் பிரிவையும் சொல்லிக்கொண்டிருக்க, பாஞ்சோ நிற்காமல் ஓடுகிறது. கேட்கக் கேட்க, அதுதான் சரி என்று பட்டது. துக்கம் விழுந்த வீட்டிலும் மறுநாள் ஷிஃப்டுக்கு யாராவது கிளம்பித்தானே ஆக வேண்டும்?

நீ முதலில் கேட்க வேண்டியது ஹேசல் டிக்கன்ஸ் என்ற பாடகியை. மேற்கு வர்ஜீனியாவின் மெர்சர் கவுண்டியில், பதினோரு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புக்காக பால்டிமோர் போய்த் தொழிற்சாலைகளில் வேலை செய்தார். சுரங்கத்தில் உழைத்த அண்ணன் நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்து இறந்துபோனார். ‘பிளாக் லங்’ (கருப்பு நுரையீரல், அந்த நோயின் பெயர்) அந்தச் சாவிலிருந்து வந்த பாட்டு. நோயையே எதிரில் நிறுத்தி, ஒரு தொழிலாளி அதனோடு பேசுகிறான். அவனிடம் சுயபச்சாதாபம் துளியும் இல்லை. உன் பெரியவர்களின் ‘பரவாயில்லை’க்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் குரலைக் கேட்டால் உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இது பழைய கதையும் இல்லை. 25 வருடங்களுக்கு மேல் சுரங்கத்தில் இருந்தவர்களில், உங்கள் பக்கத்து மலைகளில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக 2018-இல் வந்த ஆய்வு சொன்னது உனக்குத் தெரிந்ததுதான். நிலக்கரிப் படிவு மெலிந்துபோக, பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள், சிலிக்கா தூசி உள்ளே போகிறது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சுரங்கத் தூசியைக் கட்டுப்படுத்த 1969-லேயே சட்டம் போட்ட நாடு அது!

ஹேசலின் இன்னொரு பாட்டு ‘மாமா’ஸ் ஹேண்ட்’, அதாவது அம்மாவின் கை. வேலை தேடிக் கிளம்புகிற பெண் தன் அம்மாவின் கையை விடுகிற கணம். லின் மாரிஸ் பாடியதைக் கேள், 1996-இல் புளூகிராஸ் உலகத்தின் சிறந்த பாடல் விருது வாங்கியது. உன் அம்மாவுக்கு வரி வரியாக அர்த்தம் சொன்னேன். திரும்பப் போடச் சொன்னாள்.

இதற்கு மறுபக்கமாக ‘ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்’ இருக்கிறது. பல காலம் கழித்து ஊர் திரும்புகிறவனுக்கு எதிர்ப்படுகிற ஒரு முகமும் தெரியவில்லை. ஸ்டான்லி சகோதரர்கள் 1960-இல் பாடியது. அண்ணன் கார்ட்டர் அமைதியாகக் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். பல்லவியில் தம்பி ரால்ஃபின் குரல் மேலே எழும்பும்போது உடம்பு சிலிர்க்கிறது. இது நிதானமான பாட்டு, ராத்திரி டூட்டி முடிந்து களைப்பாக வந்த நேரத்தில் வேண்டாம், லீவு நாளில் கேள்.

அந்த அண்ணன் தம்பி பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவின் டிக்கன்சன் கவுண்டியில். அங்கே கிளின்ட்வுட்டில் ரால்ஃப் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் வரும்போது நயாகரா எல்லாம் வேண்டாம், அங்கே கூட்டிப்போ. அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா