கம்பி எந்த வழியாக வருகிறது என்று கேள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டு வலி மேல் பழி போடலாம்தான், ஆனால் உண்மையில் சோம்பல். கீழ்த்தளத்தை ஆபீஸாக்கிவிட்டு மாடியில் குடியேறப் போவதைப் படித்ததும் சந்தோஷம். அறுபதுக்கு மேல் வீடியோ எடிட்டிங் கடை திறக்க உனக்குத்தான் துணிச்சல் வரும். கீழே நாலு பசங்க, மேலே பேரப்பிள்ளைகள், இத்தனை பேருக்கும் இன்டர்நெட் வேகம் 300 எம்பிபிஎஸ் போதுமா, 500 வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த நம்பரைக் கொஞ்சம் ஓரமாக வை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது டவுன்லோடு வேகம். உன் பிழைப்போ அப்லோடில் இருக்கிறது. பசங்க 40 ஜிபி ஃபைல் ஒன்றை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார்கள் என்று வை. அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் நாலரை மணி நேரம் ஆகும். 200 இருந்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும். (எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். இதை மறந்துவிட்டு "100 போட்டிருக்கேன், நொடிக்குப் பன்னிரண்டு எம்பிதான் வருது" என்று சண்டைக்குப் போனவர்கள் நிறைய பேர்.)

நம் காலத்துச் செம்புக் கம்பியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. பேச்சுக்குத் தேவை 4 கிலோஹெர்ட்ஸுக்குள்தான். அதற்கு மேலே சும்மா கிடந்த அலைவரிசையில் டேட்டாவை ஏற்றி அனுப்பியதுதான் டிஎஸ்எல். 56 கிலோபிட் டயல்-அப் மோடம் கத்திக்கொண்டிருந்த வீட்டுக்குள், அதே கம்பியில் 24 எம்பிபிஎஸ் வரை வந்தது. ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதில் பாதிகூடத் தேறாது. அப்லோடு அதைவிடப் பரிதாபம். யாராவது இன்னும் அதைத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு.

டிவி கேபிள் வழியாக வருவது பரவாயில்லை ரகம். ஆனால் அந்தக் கேபிளைத் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்ததும் சுணங்கும். அப்லோடும் பொதுவாகக் குறைவு. உனக்கு வேண்டாம்.

ஃபைபர், அதாவது டேட்டாவை வெளிச்சமாக அனுப்பும் கண்ணாடி இழை, கிடைக்கிற இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். அதிலும் பங்கு உண்டு. ஒரே இழையைத் தெருவிலிருக்கிற ஒரு சின்னப் பெட்டி 32 அல்லது 64 வீடாகப் பிரிக்கும். ஆனால் பரவலாக இருக்கிற ஜிபான் முறையில் அந்த ஒரு இழை வழியே நொடிக்கு 2.5 ஜிகாபிட் வரும், 1.25 ஜிகாபிட் போகும். பிரித்துக் கொடுத்தாலும் பசியாறும். "அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகமா?" என்று மட்டும் கேள். சில பிளானில் ஒன்றாக இருக்கும், சிலதில் அப்லோடு பாதிகூட இருக்காது.

இந்தக் கண்ணாடி இழைக்கு ஒரு ரோஷம் உண்டு, மடக்கினால் பிடிக்காது. போன மாதம் அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். மறுநிமிஷம் வீட்டுக்குள் ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்துவிட்டது. வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை ஏழெட்டு முறை அணைத்துப் போட்டேன், கஸ்டமர் கேரில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் பேரன் அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, "தாத்தா, வயர் வி மாதிரி மடங்கியிருக்கு" என்றான். முப்பது வருஷ சர்வீஸ் அங்கேயே கப்பலேறியது.

இன்னொன்று. எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஒருநாள் உள்ளே வந்து ஆசிட் நெடி தாங்காமல் ஓடினாயே. அங்கிருந்து போன 48 வோல்ட்தான் ஊரே இருட்டாக இருந்தாலும் போனைப் பேச வைத்தது. கண்ணாடியில் கரண்ட் போகாது. உன் வீட்டில் கரண்ட் போனால் ஃபைபர் பெட்டியும் செத்துவிடும். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வாங்கும்போதே ரூட்டருக்கும் அந்தப் பெட்டிக்கும் சேர்த்து வாங்கு.

சாட்டிலைட் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய ரகம் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீ கேட்பது மேலே போய், கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய் இறங்குவதற்குள் அரை நொடி ஓடிவிடும். வீடியோ காலில் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஸ்டார்லிங்க் மாதிரி புதியவை சுமார் 550 கிலோமீட்டரிலேயே சுற்றுவதால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் வானம் மறைக்காமல் இருக்க வேண்டும், பெருமழையில் தடுமாறும். கம்பியே வராத இடத்துக்கு அது வரப்பிரசாதம். உனக்கு எதற்கு?

லீஸ்டு லைன், அதாவது உனக்கு மட்டும் என்று தனியாகத் தரும் லைன், அந்த ஆசையை இப்போதைக்கு விடு. பங்கு கிடையாது, போக வர ஒரே வேகம், கெட்டால் இத்தனை மணிக்குள் சரிசெய்வோம் என்று எழுதித் தருவார்கள், எல்லாம் உண்மை. விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். 99.9 சதவீதம் ஓடும் என்று எழுதித் தந்தால்கூட, வருஷத்தில் எட்டே முக்கால் மணி நேரம் படுத்தாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை என்றுதான் அர்த்தம்.

அதற்குப் பதில் கீழே நல்ல அப்லோடு உள்ள ஃபைபர் ஒன்று போடு. துணைக்கு, கம்பி இல்லாமல் மொபைல் சிக்னலில் ஓடும் ஒரு 5ஜி ரூட்டர். இன்னொரு கம்பெனி ஃபைபரைத் துணைக்குப் போடலாமே என்று தோன்றும். என் மாப்பிள்ளை ஆபீஸில் அப்படித்தான் இரண்டு கம்பெனியிடம் வாங்கினார்கள். இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் படுத்திருந்தது யாருக்கும் தெரியாது. ஜேசிபி ஒரே அள்ளில் இரண்டையும் அள்ளிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், வேகத்தைக் கேட்பதற்கு முன் கம்பி எந்த வழியாக வருகிறது என்று கேள். மாடிக்குத் தனியாகச் சின்ன கனெக்‌ஷன் போட்டுக்கொள், பேரப்பிள்ளைகள் கேம் விளையாடுவதற்கும் உன் வருமானத்துக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது.

அப்புறம், எடிட்டிங் மேஜை நாலுக்கும் லேன் வயர் இழுத்துவிடு. வெள்ளையடிப்பதற்கு முன்னால் செய். ஃபைபருக்கு அவ்வளவு பணம் கட்டிவிட்டு, இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையில் 40 ஜிபி அனுப்புவது வயிற்றெரிச்சல். வெளியிலிருந்து ஆபீஸ் ஸ்டோரேஜைத் திறக்க வேண்டுமென்றால் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) தருவார்களா என்றும் கேட்டுவை.

கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவர் பெட்டியை எங்கே மாட்டட்டும் என்று கேட்பார். அலமாரிக்குப் பின்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் ராமு