தொற்றுக் காலத்தில் இதய நோயாளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்றுக்கு நாம் ஆயத்தமாக வேண்டியதைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை ஆக்சிஜன், படுக்கைகள், தடுப்பூசி ஆகியவற்றை விரிவாகப் பேசியது. ஆனால், கொரோனா தொற்றாமலேயே கொரோனா காலத்தால் பாதிக்கப்பட்ட இதய நோயாளிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இங்கிலாந்தில் 2019-இல் மாரடைப்பு முதலிய அவசர இதயச் சிக்கல்களுக்காக வாரத்துக்குச் சராசரியாக 3,017 பேர் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். 2020 மார்ச் இறுதியில் இது 1,813 ஆகக் குறைந்தது. வீட்டிலிருந்து ஓய்வெடுத்ததால் மாரடைப்பே குறைந்துவிட்டது என்று அப்போது சிலர் சொன்னதுண்டு. இத்தாலியின் கணக்கைப் பார்த்தால் அந்த ஆறுதல் நிலைக்காது. 2020 மார்ச்சில் ஒரே வாரத்தில் அங்குள்ள 54 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கின்படி, மாரடைப்புடன் வந்து சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 48.4 விழுக்காடு குறைவு. ஆனால், இரத்தக்குழாய் முழுவதும் அடைபட்ட கடுமையான மாரடைப்புடன் சேர்ந்தவர்களில் இறந்தோர் 4.1 விழுக்காட்டிலிருந்து 13.7 விழுக்காடாக உயர்ந்தனர். வந்தவர்கள் தாமதித்து வந்தார்கள் என்பதே இதற்கு முதன்மையான விளக்கம். ஹாங்காங்கின் ஒரு மருத்துவமனையில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவ உதவியை நாடும்வரை சென்ற நேரத்தின் இடைநிலை அளவு 82.5 நிமிடத்திலிருந்து 318 நிமிடமாகக் கூடியது. அது ஏழே நோயாளிகளின் கணக்குதான் என்றாலும், ஆஞ்சியோ செய்து, அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைப்பதில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் கணக்கு என்பதை அறிந்தவர்கள் அதை எளிதில் ஒதுக்க மாட்டார்கள்.

அவசரமில்லை என்று தள்ளிவைக்கப்பட்ட சிகிச்சைகளின் கதை வேறு. பைபாஸ், வால்வு மாற்றம் போன்றவை அன்றைக்கே செய்ய வேண்டியவை அல்ல என்பது உண்மைதான். ஆனால், மூச்சுத்திணறலும் மயக்கமும் தொடங்கிவிட்ட வால்வு நோயாளி மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. இரத்ததான முகாம்கள் நின்றுபோனதால் அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் திரட்டுவதும் கடினமாயிற்று.

நம் மாநிலத்தில் சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை 2020-இல் கொரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அன்றைய நெருக்கடியில் அதைக் குறை சொல்வது எளிது, நான் சொல்லவில்லை. எனினும், ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் கேத் லேப் என்ற சிகிச்சைக் கூடமும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் உள்ள கட்டடத்தையே முதலில் காலி செய்யும் வழக்கம் அடுத்த முறையும் தொடரக் கூடாது. ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு கேத் லேபையாவது, தனி வாயிலோடும் தனிப் பணியாளர்களோடும், எந்த நிலையிலும் தொற்றுப் பணிக்கு மாற்றுவதில்லை என்று இப்போதே அரசாணையில் எழுதி வைக்க வேண்டும். ஊரடங்கு அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே, நெஞ்சுவலி வந்தால் இ-பாஸுக்குக் காத்திராமல் புறப்பட்டு வரலாம் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும்.

மருந்தாளுநராக நான் கண்ட ஒன்றையும் சேர்க்கிறேன். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிட்டு, இரத்தம் உறையும் வேகத்தை அவ்வப்போது ஐஎன்ஆர் பரிசோதனையில் பார்த்து, அளவைக் கூட்டியோ குறைத்தோ வர வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி உருவாகலாம். கூடினால் மூளையிலும் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஊரடங்கில் பேருந்து இல்லாததால் பரிசோதனைக்குப் போக முடியாமல், பழைய சீட்டைக் காட்டி அதே அளவை மாதக்கணக்கில் வாங்கிச் சென்றவர்கள் பலர். இவர்களில் பெரும்பாலோர் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட, நடுத்தர வயதைக்கூட எட்டாத ஏழைப் பெண்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து ஐஎன்ஆர் பார்க்கும் கையடக்கக் கருவிகள் புழக்கத்தில் உள்ளன. வட்டத்துக்கு ஒன்றாக அவற்றை வாங்கிக் கொடுத்து, அந்தந்தப் பகுதியில் உலோக வால்வு உள்ளவர்களின் பட்டியலையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தால், சாலைகள் அடைபட்டாலும் பரிசோதனை தொடரும். பட்டியல் தயாரிக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்றிக்கொண்டவர்களின் விவரங்கள் அரசிடமே உள்ளன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தஞ்சாவூர்.