ஜூலையில் போவோம், மக்கா

குலசேகரம்,
மாசி 14

அன்புள்ள மக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி பரவாயில்லை என்று எழுதியிருப்பதை நம்புகிறேன். என்னோடு நீயும் பிரேசிலுக்கு வருவதாகச் சொன்னதை வீட்டுக்காரி நம்பவில்லை. எழுத்தில் இருக்கிறது என்று கடிதத்தையே காட்டினேன்.

எந்த மாசம் நல்லது, ஒரே வரியில் சொல் என்கிறாய். ஒரு வரியில் அடங்கும் விஷயம் என்றால் அங்கே இருக்கும் என் மகனே சொல்லியிருப்பான். நான்தான் ஒரு மாதமாக வரைபடத்தை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்தில் வேலையும் இல்லை. ரப்பர் இலை உதிர்த்து, செம்புக் கலரில் தளிர் விட்டு நிற்கிறது, பால்வெட்டு நிறுத்தியாச்சு.

நீ டிசம்பர் என்கிறாய். நமக்கு அது குளிர்மாசம். அங்கே கோடை, அதுவும் மழைக்கோடை. ரியோ, சாவோ பாவ்லோ பக்கமெல்லாம் மத்தியானம் வெக்கை, சாயங்காலம் இடியும் மழையும், இப்படியே மார்ச் வரை. மலை உச்சியில் கை விரித்து நிற்கும் இயேசு சிலை பாதி நாள் மேகத்துக்குள் இருக்குமாம். நம் டில்லிக் கூட்டாளி ஐப்பசியில் குடும்பத்தோடு வந்து, மூன்று விடியற்காலை கன்னியாகுமரிக் கடற்கரையில் குடை பிடித்து நின்றும் சூரியனைப் பார்க்காமல் ரயிலேறினானே, ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கு ஏற்பட்ட கதிதான் நமக்கும்.

ஆனால் அதை வைத்து ‘பிரேசிலுக்கு டிசம்பர் ஆகாது’ என்று எழுதிவிடவும் முடியவில்லை. 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நம் மாவட்டத்தையே பார். ஜூன் மாச எடவப்பாதி மழையில் இங்கே குலசேகரத்தில் ஓடு உடைகிற மாதிரி கொட்டும். அதே நேரம் ஆரல்வாய்மொழியில் வெயில் காயும், காற்றாலை சுற்றும். மீன்பிடித் தடைக்காலமே நமக்கு இரண்டு: கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. பிரேசிலோ 85 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப்போல இரண்டரை மடங்கு. வடக்கே பூமத்திய ரேகை, தெற்கே மகர ரேகையையும் தாண்டிப் போகிறது. ரியோவில் வானம் வெளுத்திருக்கும் ஜூன், ஜூலையில் வடகிழக்கே ரெசிஃபி கடற்கரையில் நல்ல மழை. அதனால் மாசத்தை முதலில் பிடிக்கக் கூடாது, இடத்தைப் பிடிக்கணும்.

நான் பிடித்த இடம் அமேசான். காரணம் உனக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து சோறு போடுகிற மரத்தின் தாய்வீடு அது. 1876-ல் விக்காம் என்ற வெள்ளைக்காரர் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றினார். முளைத்தது 3,000-கூட இல்லை. அந்த நாற்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய்த்தான் ஆசியாவில் ரப்பர் பெருகியது. அதே தபஜோஸ் கரையில் 1928-ல் கார் கம்பெனிக்காரர் ஹென்றி ஃபோர்டு நம்மைப்போல வரிசை பிடித்து ரப்பர் நட்டார். இலைக்கருகல் நோய் வந்து மொட்டையாக்கிவிட்டது. 1945-ல் தோட்டத்தைக் கைகழுவினார். காட்டில் மரங்கள் விலகி விலகி நிற்பதால் தப்பிக்கின்றன. நெருக்கி நட்டு, இளந்தளிர் ஈரம் காயாமலும் இருந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இதில் வேடிக்கை கேட்டியா, இன்றைக்குப் பிரேசில் ரப்பரில் பாதிக்கு மேல் விளைவது அமேசானில் இல்லை, மகன் இருக்கிற சாவோ பாவ்லோ மாநிலத்தில். அங்கே வறண்ட மாசங்கள் உண்டு. அந்த வறட்சியில் மரம் இலை மாற்றிக்கொள்வதால் நோய் பிடிப்பதில்லை. மரத்துக்கே சீசன் பார்க்கத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தடுமாற்றம்.

ஆகவே ஜூலை. அமேசான் காட்டுக்கு நடுவே இருக்கும் மனாவுஸ் நகரத்தில் ஆறு உச்சத்துக்கு ஏறுவது ஜூன் வாக்கில். அக்டோபர், நவம்பரில் அடிமட்டம். இரண்டுக்கும் சாதாரணமாக 10 மீட்டருக்கு மேல் வித்தியாசம், மூன்று மாடி உயரம்! ஜூலையில் மழை குறைந்திருக்கும், தண்ணீர் இன்னும் வடிந்திருக்காது. நிற்கிற மரங்களுக்கு நடுவே தோணியில் போகலாம், நடக்க வேண்டாம். உன் முட்டியையும் யோசித்துத்தான் சொல்கிறேன். கறுப்பான நெக்ரோ ஆறும் மண்கலர் சொலிமோயிஸ் ஆறும் 6 கிலோமீட்டர் போல ஒட்டியே ஓடியும் கலக்காமல் போவது அங்கேதான். நம் முக்கடலில் மூன்று நிறம் தெரிகிறது என்று டூரிஸ்டுகளுக்குச் சத்தியம் செய்தோமே, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இதைப் பார்த்துவிடுவோம்.

பிறகு சாவோ பாவ்லோ. ஜூலை ராத்திரி 12 டிகிரி வரும். வீடுகளில் ஹீட்டர் கிடையாது என்கிறான் மகன், ஸ்வெட்டர் எடு. அங்கே அது பள்ளி லீவு மாசம், டிக்கெட் விலை கொஞ்சம் ஏறும். மரச்சீனிக் கிழங்குக்குக் கவலைப்படாதே, அதன் சொந்த ஊரும் அதுதான். மத்தி மீன் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறந்துவிடாதே. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் நம் ஏர்போர்ட்டிலேயே ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு முதல் முறை போடுமுன் டாக்டர் யோசிப்பார், அதனால் உன் சுகர் ரிப்போர்ட்டோடு இப்போதே போய்க் கேள்.

எனக்கும் ஜூலைதான் தோது. அந்த மழையில் பாதி நாள் வெட்டு நடக்காது. மே முடியுமுன் மரத்துக்கு மழைப் பிளாஸ்டிக் கட்டி, மிச்சத்தை வெட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுவேன். உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று எழுது. போன தடவை நேபாளத்துக்குக் கிளம்பும்போது சொன்ன மாதிரி கடைசி நாளில் சொல்லாதே.

உன்,
ஹாஸ்டல் கூட்டாளி