காரில் ஒரு விபத்துத் தாள்: போக்குவரத்து ஆணையருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
திண்டிவனம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
கிண்டி, சென்னை.

பொருள்: விபத்தின்போது தேவைப்படும் ஆவண விவரங்களைக் குறித்துவைக்க ஒரு தமிழ்த் தாள் அச்சிட்டு, ஆர்.சி.யுடன் (வாகனப் பதிவுச் சான்றுடன்) அனுப்பவும் புகைப் பரிசோதனை நிலையங்களில் வழங்கவும் ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மார்கழியில் ஒரு விடியற்காலை, திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் பனிமூட்டத்தில் என் காரும் ஒரு பைக்கும் மோதிக்கொண்டன. தவறு யாருடையது என்பதை வழக்கு பார்த்துக்கொள்ளும். அதற்காக இந்த மனு இல்லை. பைக்கில் வந்த பையனுக்குக் கால் எலும்பு முறிந்தது. 108 வரும்வரை டீக்கடைக்காரர் ஒருவர் அவன் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்தார்.

பிறகு காவலர் வந்து பேப்பர் கேட்டார். என்னுடையதெல்லாம் செல்போனில், டிஜிலாக்கர் என்ற அரசு ஆவணச் செயலியில். மோதிய வேகத்தில் போன் கீழே விழுந்து திரை நொறுங்கியிருந்தது. டேஷ்போர்டைத் துழாவினால் சிக்கியது சென்ற ஆண்டு இன்ஷூரன்ஸ். இந்த ஆண்டுக்குப் பெங்களூரிலிருந்து என் மகள் ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாள். பாலிசி அவள் மின்னஞ்சலில் இருந்தது. எந்தக் கம்பெனி என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை. பையனின் பைக்கோ இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பையனின் அப்பா பாலிசி எண் கேட்டு வீட்டுக்கு வந்தார். பதற்றத்தில் அந்தப் பழைய நகலையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் அதை வக்கீலிடம் காட்டி, காலாவதியானது என்று தெரிந்து, பஸ் ஏறித் திரும்பி வந்தார். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு மனிதரை இரண்டு முறை அலைய விட்டேன். அந்த வெட்கம்தான் இந்த மனுவை எழுத வைத்தது.

சட்டத்தில் குறை காண நான் வரவில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 139, 2018-இல் திருத்தப்பட்டபின், ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டினாலே போதும். இன்ஷூரன்ஸ் சான்றை உடனே காட்ட முடியாதவர் 7 நாட்களுக்குள் காட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் இவையெல்லாம் காவலரிடம் ஆவணம் காட்டுவதைப் பற்றியவை. விபத்து நடந்த இடத்தின் தேவை வேறு. போன் உடையலாம், ஓட்டியவருக்கே நினைவு தப்பலாம். மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அடிபட்டவருக்காக. அதன் எண் அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டாமா? இழப்பீடு கேட்டு மனு போடச் சட்டம் அவருக்குத் தந்திருப்பதே ஆறு மாதம்.

134-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். பாலிசி எண், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், காயமடைந்தோர் விவரம், ஓட்டுநர் பெயர், லைசென்ஸ் விவரம் ஆகியவற்றை ஓட்டுநர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தர வேண்டும் என்கிறது. அதாவது படிவம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அச்சடிக்கத்தான் ஆளில்லை. வாழ்நாளெல்லாம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இது என் கண்ணில் பட்டிருக்கலாம்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். முன்பக்கத்தில் உரிமையாளர் தாமே நிரப்ப வேண்டியவை: வண்டி எண், இன்ஷூரன்ஸ் நிறுவனம், பாலிசி எண், அது முடியும் தேதி, புகைச் சான்று முடியும் தேதி, ரத்தப் பிரிவு, வீட்டாரில் இருவர் செல்போன் எண். பின்பக்கம் விபத்து நடந்த இடத்தில் நிரப்ப: எதிர்வண்டி எண், அதன் ஓட்டுநர், நேரம், இடம், பார்த்தவர்கள், ஒரு சின்னப் படம் வரையக் கட்டம். உதவ வருபவரை அவர் விருப்பமில்லாமல் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது (134-அ பிரிவின் கீழ் வந்த விதி) என்று அடியில் ஒரு வரி இருந்தால் டீக்கடைக்காரர்கள் தயங்க மாட்டார்கள். அசல் ஆர்.சி.யை வண்டியில் வைக்க வேண்டாம் என்றும் போடலாம். கார் திருடு போனால் அதுவும் சேர்ந்தே போகும்.

இது புதிய யோசனையும் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவுக்காரர்கள் எங்களுக்கு உண்டு. பிரான்சில் காரில் இப்படி ஒரு படிவம் வைத்திருப்பார்கள். சிறு மோதல் என்றால் இரு ஓட்டுநர்களும் ஒரே தாளை நிரப்பிக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் இருவரும் சேர்ந்து கையெழுத்திடுவது நடக்கிற காரியமா என்று தெரியவில்லை. அவரவர் தாளை அவரவர் நிரப்பினாலே போதும்.

சேர்ப்பிக்கும் வழியும் ஏற்கெனவே இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஆர்.சி.யும் லைசென்ஸும் விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வருகின்றன. அதே உறையில் இந்தத் தாளும் இருந்தால் எடை பெரிதாகக் கூடிவிடாது. எடை போட்டுப் பழகியவன் சொல்கிறேன். ஆனால் சொந்தக் கார் வாங்கியவர் 15 ஆண்டு ஆர்.டி.ஓ. அலுவலகப் பக்கமே வராமல் இருந்துவிடலாம். அவரைத் தவறாமல் பார்ப்பது புகைப் பரிசோதனை நிலையம்தான். அங்கே தாளைக் கொடுத்து, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று வாய்வார்த்தையாக ஒரு கேள்வி கேட்கவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன்.

கையால் வரைந்த மாதிரித் தாள் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: திண்டிவனம்
இணைப்பு: மாதிரித் தாள் – 1